பன்னிரண்டாவது இருக்கை

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வின்னி ஓச்சோவாவின் கடைக்குள் இரண்டு பெண்கள் வந்தார்கள். தபால் பெட்டி, நகல், நோட்டரி முத்திரை என்று மூன்று தொழிலும் நடக்கும் ஒற்றை அறைக் கடை அது. முன்னால் வந்த கொரின் டாலிவர் ஒரு கடிதத்தை மேசையில் வைத்தாள். உடன் வந்த தோழி ரொவீனா ப்ளெய்க் அவள் தோளை விடாமல் பிடித்திருந்தாள்.

"ஹார்லன் இருக்காரா?"

ஜன்னலோரம் காபி குடித்துக்கொண்டிருந்த ஹார்லன் மீக்ஸ் கோப்பையைக் கீழே வைத்தார். கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகத்தின் ஆவண அறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மெஸ்கிட் ஸ்பிரிங்ஸ் ஊரில் காகிதத்தால் வம்பில் மாட்டியவர்கள் வக்கீலுக்கு முன்னால் அவரைத்தான் தேடுவார்கள்.

"மைக்காவோட படிப்புப் பணத்தை மாநிலம் நிறுத்திடுச்சு," என்றாள் கொரின். "நேத்துதான் கடிதம் வந்துச்சு. வீட்டுப்பள்ளி உறுதிமொழி ஒண்ணு நான் கொடுத்திருக்கேனாம். நான் கொடுக்கவே இல்ல, ஹார்லன்."

அரசுப் பள்ளி வேண்டாம் என்பவர்களுக்கு அந்த அமெரிக்க மாநிலத்தில் இரண்டு வழி. கவுண்டியில் உறுதிமொழி கொடுத்துவிட்டு வீட்டிலேயே கற்பிக்கலாம். மாநிலம் ஒன்றும் தராது, ஒன்றும் கேட்காது. அல்லது ஒப்பந்தம் போட்டு மாநிலத்தின் பணத்தைத் தனியார் பள்ளிக்கோ வீட்டுப் பாடத்துக்கோ செலவழிக்கலாம். அப்போது ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும். இரண்டிலும் கால் வைக்க முடியாது. உறுதிமொழி பதிவானால் ஒப்பந்தம் செத்தது.

கொரினின் மகன் மைக்காவுக்கு ஒன்பது வயது. எழுத்துகள் அவன் கண்ணுக்கு இடம் மாறித் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஆசிரியை லேதம் ஓர் அறைப் பள்ளி நடத்துகிறார். இருக்கைகள் பன்னிரண்டு. போன மாதம்தான் அவன் முதல்முறையாக ஒரு பக்கத்தை முழுதாக வாசித்திருந்தான்.

"நாளைக்கு மதியத்துக்குள்ள சரி பண்ணலன்னா இடம் அடுத்த பிள்ளைக்குப் போயிடும்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் ரொவீனா. "ஜெருஷா ஸ்ட்ரௌட்டைக் கேளுங்க. நாங்க அரசாங்கப் பணம் வாங்குறது அவளுக்கு ஆகாது. போன வருஷம் பிக்னிக்ல எல்லார் முன்னாடியும், 'பணத்தை வாங்கினா விலங்கையும் சேர்த்து மாட்டிக்கணும்'னு சொன்னா."

"கையெழுத்து யாருது?" என்று கேட்டார் ஹார்லன்.

கொரின் தயங்கினாள். "என்னோடதுதான். அதான் எனக்குப் பைத்தியம் பிடிக்குது."

கடிதத்துடன் வந்த நகலைப் பார்த்த வின்னி அலறினாள். "பெரியவரே, இது என் முத்திரை!"

"அப்போ உன் பதிவேட்டை எடு. கத்தாதே."

முத்திரையில் இருந்த ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதியன்று, பதிவேட்டின்படி கொரின் ஒரே ஒரு ஆவணத்தில்தான் கையெழுத்திட்டிருந்தாள். வின்னியின் குறிப்பு: 'கோடை முகாம், மருத்துவ ஒப்புதல், இரண்டு பக்கம்.'

"அந்தத் தாளை யார்கிட்ட கொடுத்தே?"

"ஜெருஷாவும் ரொவீனாவும்தான் முகாம் பொறுப்பு," என்றாள் கொரின். "பிள்ளைங்களை ரொவீனா வேன்ல கூட்டிட்டுப் போனா. கோப்பு ரெண்டு பேர் கையிலயும் மாறி மாறி இருந்துச்சு."

"முடிஞ்சதும் கிழிச்சுப் போட்டுட்டோம்," என்றாள் ரொவீனா. "ஜெருஷாதான் கிழிச்சா."

ஹார்லன் தொப்பியை எடுத்தார். "மூணு மணிக்கு வாங்க. ஜெருஷாவையும் நான் கூப்பிடுறேன்."

எதிர்த்தெருவில் இருந்த கவுண்டி அலுவலகத்துக்கு வின்னியும் அவருடன் போனாள். பழைய சகா ஒருவர் அசல் உறுதிமொழியைக் காட்டினார். தபாலில் வந்தது, கொண்டுவந்த முகத்தை யாரும் பார்க்கவில்லை. ஹார்லன் அதன் இரண்டு தாள்களையும் விளக்கில் பிடித்தார்.

"ஓட்டையை எண்ணு, வின்னி."

"முதல் பக்கத்துல ஸ்டேப்ளர் பின் குத்தின ஓட்டை ரெண்டு. ரெண்டாவதுல..." அவள் குரல் ஏறியது. "நாலு! இது வேற ஏதோ தாளோட முன்னாடியே இருந்திருக்கு! ரெண்டாம் பக்கத்துல 'மேலே சொன்னதெல்லாம் உண்மை'ங்கிற வரியும் கையெழுத்தும் முத்திரையும் மட்டும்தான். முதல் பக்கத்தை மாத்தியிருக்காங்க. ஜெருஷாதானே?"

"முதல் பக்கத்தைப் படி."

"என்னென்ன பாடம்னு கேட்டிருக்கு. பக்கம் பூரா எழுதியிருக்காங்க. 'அறிவியல்: நுண்ணோக்கி, நான்காம் பாடத்தில் செல்களைப் பார்க்க.' 'கணிதம்: மரக்கட்டைகள், பின்னங்களை விளக்க.' பாவம், நல்லாத்தான் பாடம் நடத்துவாங்க போல."

ஹார்லன் சிரிக்கவில்லை. "லேதம் டீச்சருக்குப் போன் போடு. வரிசையில அடுத்த பேரு யாருதுன்னு கேளு."

மூன்று மணிக்குக் கொரினும் அவள் தோளைப் பிடித்தபடி ரொவீனாவும் கடையில் இருக்க, ஜெருஷா ஸ்ட்ரௌட் வந்து நின்றாள். ஏழு பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைத்த உயரமான பெண்மணி. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நேத்து ராத்திரி கொரின் எல்லாக் குடும்பத்துக்கும் என்னைப் பத்தி மெசேஜ் போட்டா. துரோகியாம். அதைப் படிச்சுக் காட்டத்தான் கூப்பிட்டீங்களா?"

"இல்ல, ஜெருஷா. ஏழு பிள்ளைங்களுக்கு நீங்க கொடுத்த ஏழு உறுதிமொழியையும் வாங்கி வச்சது நான்தான். பாடம்ங்கிற இடத்துல என்ன எழுதுவீங்க?"

"சட்டம் கேக்குற அஞ்சு வார்த்தை. வாசிப்பு, இலக்கணம், கணக்கு, சமூகம், அறிவியல். அதுக்கு மேல ஒரு எழுத்து அரசாங்கத்துக்குக் கொடுக்க மாட்டேன்."

"ஏழு தாள்லயும் அதே அஞ்சு வார்த்தைதான்." ஹார்லன் நகலை மேசையில் திருப்பி வைத்தார். "இதை எழுதினவங்களுக்குப் பக்கமே பத்தல. நுண்ணோக்கின்னு எழுதினா எதுக்குன்னும் கை தானா எழுதுது. மாநிலப் பணம் வாங்காத வீட்டுப்பள்ளிக்காரங்களுக்கு அந்தப் பழக்கம் வராது. ஒரு பென்சில் வாங்கினாலும் மாநிலத்துக்கு விளக்கம் எழுதி எழுதிப் பழகினவங்களுக்குத்தான் வரும். முகாம் கோப்பைத் தொட்ட ரெண்டு பேர்ல மாநிலப் பணம் வாங்குறவங்க ஒருத்தர்தான்."

வின்னி அடக்க முடியாமல் சொன்னாள்: "வரிசையில அடுத்த பேரு ஹேஸல் ப்ளெய்க். ரொவீனாவோட பொண்ணு!"

கொரின் மெல்லத் திரும்பினாள். தோளில் இருந்த கை எப்போதோ எடுக்கப்பட்டிருந்தது.

"சொல்லுடி. இல்லன்னு சொல்லு."

ரொவீனா கடையின் தரையைப் பார்த்தபடி பேசினாள். "ஹேஸலுக்கு எட்டு வயசு. அவ பேரையே இன்னும் தப்பா எழுதுறா. ரெண்டு வருஷமா வரிசையில நிக்கிறோம். மைக்கா அந்தப் பக்கத்தை வாசிச்சான்னு நீ போன் பண்ணி அழுதியே, அன்னிக்கு நானும்தான் அழுதேன். நீ சந்தோஷத்துல அழுத."

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா கொடுத்திருப்பியா?"

கொரின் மேசையிலிருந்த நகலின் இரண்டாம் பக்கத்தை அவள் முன் தள்ளினாள். "அந்தத் தாள் என்னன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?" என்றாள். "மைக்காவுக்கு ஏதாவது ஆகி என்னைப் பிடிக்க முடியலன்னா, ஆபரேஷன் வரைக்கும் முடிவு பண்ற உரிமை உனக்குன்னு கையெழுத்துப் போட்டேன். உனக்கு மட்டும். அவன் அப்பா பேரைக்கூட எழுதல. அந்தக் கையெழுத்தைத்தான் பிரிச்சு எடுத்திருக்கே."

நாலரை மணிக்கு ரொவீனா வாக்குமூலத்தை எழுதி முடித்தாள். வின்னி வழக்கம்போல அடையாள அட்டை கேட்டு வாங்கி, முத்திரை குத்தினாள். ஹார்லன் ஒரு பிரதியை மாநில அலுவலகத்துக்கும் ஒன்றைப் பள்ளிக்கும் அனுப்பினார். ஐந்து மணிக்குள் லேதம் பேசினார்: மாநிலம் முடிவு சொல்லும்வரை மைக்காவின் இடத்தை யாருக்கும் தரமாட்டார்.

ஜெருஷா வாசலை நோக்கி நடந்தாள். கொரின் குறுக்கே போய் நின்றாள்.

"ஜெருஷா, நான்..."

"எல்லாருக்கும்தானே மெசேஜ் போட்டே," என்றாள் ஜெருஷா. "மன்னிப்பையும் எல்லாருக்குமே போடு." கதவு அவள் பின்னால் மூடியது.

ரொவீனா கைப்பையை எடுத்துக்கொண்டாள். "ஹேஸல் பேரை வரிசையிலிருந்து எடுத்துடச் சொல்றேன்."

"எடுக்காதே," என்றாள் கொரின். "அந்தக் குழந்தை என்ன பண்ணுச்சு? அடுத்து ஒரு இடம் காலியானா அவளுக்கே கிடைக்கட்டும். மைக்கா பக்கத்துலயே உட்காரட்டும். ஆனா அவளைப் பள்ளியில கொண்டுவந்து விடும்போது நீ கார்ல இருந்து இறங்காதே. உன் முகத்தைப் பார்த்தா அவன் ஓடி வருவான். ஏன் போகக்கூடாதுன்னு அவன்கிட்டச் சொல்ல எனக்குத் தெரியாது."