பூட்டிய சங்கிலியில் ஒரு முன் சக்கரம்

சங்கிலி இருந்தது. அதில் தொங்கிய பூட்டும் உடைபடாமல் இருந்தது. சங்கிலிக்குள் மாட்டிய முன் சக்கரம் இரும்புத் தூணில் சாய்ந்திருந்தது. மோட்டார் சைக்கிளைத்தான் காணவில்லை.

திங்கட்கிழமை காலை. ஜெலுத்தோங்கில் லோகேஸ்வரியின் மோட்டார் பட்டறைக்குப் பின்புறச் சந்தில் தயாளன் நின்றுகொண்டிருந்தான். அன்று பெயர் மாற்றி வண்டியை எடுத்துப்போக வந்தவன் அவன்.

"வேலுவப் போலீஸ் பாலாய்க்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க தம்பி," என்றாள் லோகேஸ்வரி. அழுது முடித்த குரல். "பழைய கேஸ் இருக்குல்ல. பத்தொன்பது வயசுல ரெண்டு மோட்டர் திருடி உள்ள போனான். நாலு வருசமா என்கிட்ட வேலை செய்றான், ஒரு ஆணி தொலைஞ்சதில்ல. இந்தத் தடவ உள்ள போனா அவன் வாழ்க்கையே முடிஞ்சிடும் லா."

"சனிக்கிழமை கடையை யார் பூட்டினது?"

"அவன்தான்."

"ஞாயிறு?"

"லீவு. பின்னால யாரும் வரல."

தயாளன் சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்தான். ஜூருவில் ஒரு தொழிற்சாலையில் உடைந்த பாகங்களைப் பார்த்து ஏன் உடைந்தன என்று சொல்வது அவன் வேலை. கேள்வி கேட்பதைவிடப் பார்ப்பது அவனுக்குச் சுலபம். இப்போதெல்லாம் பேசுவதே பாரமாக இருந்தது.

சனிக்கிழமை இதே இடத்தில்தான் அந்த வண்டியை முதலில் பார்த்தான். விற்றுத்தரச் சொல்லிப் பட்டறையில் விட்டிருந்த பழைய ஸ்கிரம்ப்ளர். ஒற்றை சிலிண்டர், இருநூற்றைம்பது சிசி. காட்டுப் பாதைக்காகச் செய்த வண்டியைத் தினமும் கடல் பாலம் தாண்டி ஜூருவுக்கு ஓட்ட முடியுமா என்பதுதான் அவன் கேள்வி.

ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தான். குளிர்ந்திருந்தது. விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்து ஏமாற்றவில்லை. முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இல்லை. பின் பற்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல் வளையவில்லை. காட்டுக்கேற்ற கியர் என்பதால் தொண்ணூறைத் தாண்டினால் கைப்பிடி நடுங்கும். முன் பற்சக்கரத்தில் ஒரு பல் கூட்டினால் சரியாகும். சீட்டு மட்டும் அநியாய உயரம்.

"பின்னால யாரும் உக்கார்றது கஷ்டம் தம்பி," என்றாள் லோகேஸ்வரி.

"யாரும் இல்லக்கா."

போன தீபாவளிக்குப் பிறகு மனைவி சந்திரிகா அவனை விட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு காரை விற்றுவிட்டான். பாலம் முழுக்கப் பக்கத்து இருக்கை காலியாகவே வந்ததைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு சக்கரங்களின் அச்சு நட்டுகளும் அவன் கண்ணில் பட்டதும் அன்றுதான். மற்ற நட்டுகளில் எல்லாம் துருப் பொடி. இவற்றின் முனைகள் மட்டும் ஸ்பேனர் பட்டுப் பளபளத்தன.

"சக்கரத்த அடிக்கடி கழட்டுவீங்களா?" என்று வண்டியின் சொந்தக்காரர் ராமதாஸிடம் கேட்டான்.

"முன்ன லா. மலைக்குப் போறப்ப பெரிய சக்கரம், ரோட்டுக்கு இந்தச் சின்னது. பெரிய செட்டை வித்து ரெண்டு வருசம் ஆச்சு. இப்ப மலையும் இல்ல, ஒன்னும் இல்ல." சாவியை நீட்டினார். "ஒன்னுதான் இருக்கு. இன்னொன்னு தொலைஞ்சு போச்சு."

அந்தச் சாவி இப்போதும் பட்டறைக்குள் ஆணியில் தொங்கியது. தயாளன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். சங்கிலிப் பூட்டின் சாவியும் பக்கத்திலேயே தொங்கியது.

பிறகு சந்தில் நடந்தான். மாநகராட்சி ஆட்கள் சனிக்கிழமை மாலை சாக்கடையை வாரிச் சேற்றைக் குறுக்கே கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது அது காய்ந்து வெடித்திருந்தது. அதில் டயர் தடங்கள். ஒன்று ஒல்லியாக, கட்டைப் பற்கள் பதிந்தது. இன்னொன்று அகலமாக, வழவழப்பானது. காலடித் தடம் எதுவும் இல்லை. தயாளன் அவற்றைத் தொடர்ந்து சந்து வளைவு வரை போய்ப் பார்த்தான்.

பத்தரை மணிக்கு, வேலுவைக் கூட்டிப்போன போலீஸ் சார்ஜன் அப்துல் ரசாக் திரும்பி வந்தார். கூடவே ராமதாஸும் வந்தார்.

"என் மோட்டருக்கு யார் பதில் சொல்றது?" என்று ராமதாஸ் உரக்கக் கேட்டார். "திருடனை வேலைக்கு வச்சா இப்படித்தான்."

"சத்தம் போடாதீங்க அண்ணே," என்றாள் லோகேஸ்வரி. "போன வாரம் வரைக்கும் அவன்கிட்டதான சும்மா ஆயில் மாத்திக்கிட்டீங்க?"

தயாளன் குறுக்கிட்டான். "சார்ஜன், வண்டி எப்படிப் போச்சுன்னு நினைக்கிறீங்க?"

"நீ யாரு தம்பி?"

"வாங்க வந்தவன்."

சார்ஜன் சிரித்தார். "நல்ல நாள் பாத்து வந்த. முன் சக்கரத்தக் கழட்டிட்டு மிச்சத்த லோரியில ஏத்தியிருக்கான். வேலுவோட சித்தப்பா மகன் லோரி ஓட்டுறான்."

"சந்து முனையில மூணு சிமெண்டுத் தூண் இருக்கு. லோரி உள்ள வராது."

"ரெண்டு பேரு தூக்கிட்டுப் போயிருப்பான்."

"வெறுங்கையோட ஒருத்தன் சாக்கடை விளிம்புல கால் வச்சுத் தாண்டலாம். நூத்துச் சொச்சம் கிலோவ ரெண்டு பேரு தூக்கிட்டுச் சேத்துல நடந்தா கால் எவ்வளவு ஆழம் பதியணும்? ஒரு தடம்கூட இல்ல."

சார்ஜன் சந்தைப் பார்த்தார். "டயர் தடம் இருக்கே. பசங்க ஓட்டினது. ரெண்டு மோட்டர்."

"ஒரே மோட்டர். வாங்க, காட்டுறேன்."

சந்து வளையும் இடத்துக்கு எல்லோரையும் கூட்டிப்போனான். நேரான பகுதியில் அகலத் தடம் ஒல்லித் தடத்தின் மேலேயே ஏறிப் போயிருந்தது. வளைவில் இரண்டும் பிரிந்தன. அகலமானது உட்பக்கமாக ஒதுங்கி, வளைவு முடிந்ததும் மறுபடி சேர்ந்துகொண்டது.

"எந்த மோட்டரும் திரும்பறப்ப பின் சக்கரம் உள்ள ஒதுங்கும். முன்னால காட்டு டயர், பின்னால ரோட்டு டயர். அப்படி ஒரு வண்டிய யாரும் வேணும்னு ஓட்ட மாட்டாங்க. முன் சக்கரத்தச் சங்கிலியோட விட்டுட்டு, கொண்டுவந்த வேற சக்கரத்தப் போட்டவனுக்குத்தான் அப்படி அமையும்."

லோகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேலுவா இருந்தா பூட்டோட சாவி உள்ள ஆணியில இருக்கு. திறந்து எடுத்திருப்பான்," என்றான் தயாளன்.

"மாட்டிக்கக் கூடாதுன்னு இப்படிச் செஞ்சிருக்கலாம்ல?" என்றார் சார்ஜன்.

"செஞ்சிருக்கலாம். ஆனா அதே அச்சு, அதே பிரேக் டிஸ்க், அதே அளவு புஷ்ஷோட ஒரு பெரிய சக்கரம் அவனுக்கு எங்க கிடைக்கும்? பழைய மாடல். அந்தச் சக்கரம் ஒரே ஒருத்தர்கிட்டதான் இருந்துச்சு."

ராமதாஸ் அவசரமாகச் சொன்னார்: "அதைத்தான் வித்துட்டேன்னு சொன்னேனே. வாங்கினவன் திருடியிருப்பான்."

"யார் வாங்கினது?"

"ஞாபகம் இல்ல லா. ரெண்டு வருசம்."

"ரெண்டு வருசமா கழட்டாத நட்டு இந்தக் கடல் காத்துல துருப்பிடிக்காம இருக்குமா? மத்த நட்டெல்லாம் துரு. அச்சு நட்டு ரெண்டு மட்டும் சனிக்கிழமை பளபளன்னு இருந்துச்சு. போன வாரம்கூட நீங்க சக்கரம் மாத்தியிருக்கீங்க. மலைக்குப் போயிருக்கீங்க." தயாளன் குரலை உயர்த்தவில்லை. "சேத்துல காலடி இல்லன்னா வண்டி உருட்டிப் போகல, எஞ்சின் ஓடிப் போயிருக்கு. அதுக்குச் சாவி வேணும். ஒன்னு உள்ள ஆணியில தொங்குது, தொலைஞ்சு போச்சுன்னு நீங்க சொன்ன இன்னொன்னுலதான் ஓடியிருக்கு. உங்க வண்டிய நீங்களே எடுத்துட்டுப் போயிருக்கீங்க, ராமதாஸ்."

சார்ஜன் திரும்பி ராமதாஸைப் பார்த்தார். "வீட்டுல தேடட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

வண்டி பட்டர்வொர்த்தில் நண்பரின் கிடங்கில் நிற்கிறது என்றார் ராமதாஸ். போன வருடம் மலையில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்த பிறகு, வண்டி வேண்டுமா நான் வேண்டுமா என்று மனைவி கேட்டுவிட்டாளாம். விற்கிறேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார்.

"வித்தா இன்னொருத்தன் ஓட்டுவான்," என்றார், யாரையும் பார்க்காமல். "காணாமப் போச்சுன்னா, அவளும் கேக்க மாட்டா. என்னோடதாவே இருக்கும்."

அது தயாளனுக்குப் புரிந்தது. புரிந்ததே அவனுக்குப் பிடிக்கவில்லை.

"வேலு?" என்று கேட்டான்.

"அவனா? அவனுக்கு உள்ள இருக்கறது பழக்கம்தான லா. ரெண்டு நாள்ல விட்டுருவாங்கன்னு நினைச்சேன்."

லோகேஸ்வரி ஒரு அடி முன்னால் வந்தாள். சார்ஜன் கையை நீட்டித் தடுத்தார். இல்லாவிட்டால் அடித்திருப்பாள்.

மதியம் வேலு வெளியே வந்தான். பெல்ட் இல்லாத கால்சட்டையை ஒரு கையால் பிடித்திருந்தான். லோகேஸ்வரி எதிர்க் கடையில் நாசி கண்டார் சோறு வாங்கி அவன் முன்னால் வைத்தாள். வேலு பாதி சாப்பிட்ட பிறகுதான் தலை நிமிர்ந்தான்.

"நீங்க என்னை நம்புனீங்களாண்ணே?"

தயாளனுக்குப் பொய் சொல்லும் தெம்பு இல்லை. "உன்னைத் தெரியாது வேலு. நம்பறதுக்கும் இல்ல, நம்பாம இருக்கறதுக்கும் இல்ல. தரையப் பாத்தேன், அவ்வளவுதான்."

வேலு பலமாகச் சிரித்தான். சோற்றுப் பருக்கை மேசையில் சிதறியது.

"அது போதும்ணே. காலையிலேர்ந்து எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாத்தாங்க."