இருவருக்கு ஒரு முகவரி

புதிய டேக்குகளின் முகவரிகள் மட்டுமே வரவேண்டிய திரையில், கடைசி வரியாக ஒரு பழைய முகவரி வந்து நின்றது.

ஜெஸ்மி கையிலிருந்த டேக்கை மேசைமேல் வைத்தாள். இரணியல் ரயில் நிலையத்துக்குப் பின்னால், மாடியில் ஓர் அறை. அதுதான் அவளும் ஆன்ஸ்லினும் தொடங்கிய நிறுவனம். கடலுக்குப் போகிறவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் டேக்குகளைச் செய்தார்கள். ஒவ்வொரு டேக்கும் தனக்கே உரிய ஓர் எண்ணை, தன் முகவரியாக, ப்ளூடூத்தில் சொல்லிக்கொண்டே இருக்கும். படகிலுள்ள பெட்டி கேட்டுக்கொண்டே இருக்கும். எல்லோருடையதும் கேட்டால் பச்சை விளக்கு எரியும். ஒருவன் தண்ணீரில் விழுந்து அவனுடையது நின்றுபோனால் சைரன் அலறும். பொத்தானை அமுக்கி அணைத்தால் மட்டும், அவன் கரையில் இருக்கிறான் என்று பெட்டி அவனைக் கணக்கிலிருந்து விட்டுவிடும்.

நிறுவனத்தின் பெயரில் பதிவான முகவரிகள் இன்று காலைதான் வந்திருந்தன. அவற்றை ஏற்றி முடிக்கச் சொல்லிவிட்டு ஆன்ஸ்லின் அட்டைப்பெட்டி வாங்கக் கோட்டாற்றுக்குப் போயிருந்தான். போகும்போது, பழைய சோலிய நெனச்சிட்டு இருக்காத ஏட்டி என்று சிரித்தான். பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஓட்டில் விழுகிற தண்ணீரின் இரைச்சலும் ஈரச் சுவரின் வாடையுமாகச் சாயங்காலமே அறை இருண்டுவிட்டது.

அந்த முகவரி அவளுக்கு மனப்பாடம். பதிவு வருவதற்கு முன்பே, கடற்கரை ஊர்த் திருவிழாவில் டேக்குகளைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆன்ஸ்லின் அவசரப்படுத்தினான். சோதனைக்கு வைத்திருந்த முகவரிகளை அவள் ஏற்றினாள். ஒன்று குறைந்தது. ஜஸ்டஸ் என்ற மீனவனுக்குக் கொடுத்த முகவரியையே அவன் தம்பி ஷிஜினுக்கும் ஏற்றினாள், பதிவு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று. அண்ணனும் தம்பியும் ஒரே படகு. ஷிஜின் கடலில் விழுந்தபோது, படகுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஜஸ்டஸின் மார்பிலிருந்து அதே முகவரி கேட்டுக்கொண்டிருந்தது. பெட்டிக்கு ஆள் குறையவில்லை. விடியும்வரை பச்சை விளக்கு எரிந்தது. ஷிஜினின் உடல் கிடைக்கவில்லை.

கேட்டவர்களிடம் ஜெஸ்மி சொன்னது ஒன்றுதான். அவன் டேக்கை அணைத்து வைத்திருப்பான். ஊர் நம்பியது.

இன்று மத்தியானம் ஷிஜினின் அம்மா வியாகுலம்மாள், மண்டைக்காட்டுக்கு அடுத்த கடற்கரை ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். தூக்குவாளியில் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும். ஜெஸ்மியின் தலையைத் தடவி, நீ மெலிஞ்சு போயிட்ட என்றாள். தினமும் ஜெபமாலையில் உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது.

“எனக்க மோன் சொன்ன பேச்சு கேக்காதவன் மக்கா. அத அணைச்சுப் போட்டான். அதுனால ஒங்களுக்கும் கெட்டபேரு. நீ அவனப் பொறுத்துக்கிடணும்.”

அப்போது ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அந்தத் தாயின் மனதிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்திருக்கலாம். ஜெஸ்மி, “பரவாயில்லம்மா” என்றாள். தூக்குவாளியை இன்னும் திறக்கவில்லை.

திரையில் அந்த வரி அழியவில்லை. சமிக்ஞை மிகவும் பலவீனமாக இருந்தது, வெகுதூரத்தில் இருப்பதுபோல.

திரும்ப வாங்கிய பழைய டேக்குகள் மேசைக்கு அடியில் பிஸ்கட் டின்னில் கிடந்தன. திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஜஸ்டஸுடையதும் இருந்தது. எதிலும் பேட்டரி இல்லை. வெளியே இருப்பது ஒன்றே ஒன்றுதான். அது ஷிஜினின் கழுத்தில் இருந்தது.

நிமிர்ந்தபோது சமிக்ஞை கூடியிருந்தது.

மழை வாடைக்குள் இன்னொரு வாடை புகுந்தது. நனைந்த வலையும், பாசி பிடித்த கயிறும், வெயில் காணாத உப்பும் கலந்த வாடை. கீழே படிக்கட்டில் ஏதோ ஈரமாக ஒட்டி, விடுபட்டு, மறுபடி ஒட்டுவதுபோல ஒரு சத்தம். ஆன்ஸ்லின் என்று கூப்பிட்டுப் பார்த்தாள். சத்தம் ஒரு படி ஏறியது. திரையில் சமிக்ஞை இன்னும் கொஞ்சம் கூடியது.

போன் அடித்தது. வியாகுலம்மாள்.

தூக்குவாளியைக் கழுவ வேண்டாம், அடுத்த தடவை வாங்கிக்கொள்கிறேன் என்று தொடங்கியவள், நின்றாள்.

“மக்கா, எனக்கு மனசு கெடந்து அடிக்குது. தண்ணியப் பாத்தாலே அந்தச் சாமானத் தொட்டுப் பாத்துக்கிடுவான், அவன் அணைச்சிருப்பானா? நீ படிச்ச பிள்ள. நீ சொன்னா நான் நம்புவேன். அணைச்சுத்தான் வச்சிருந்தானா?”

படிக்கட்டுச் சத்தம் கதவுக்கு வெளியே வந்து நின்றது. அதுவும் பதிலுக்குக் காத்திருப்பதுபோல.

நாக்கின் நுனிவரை உண்மை வந்தது. ஜெஸ்மிக்கு அழுகை வந்தது. புதிய முகவரிகள் வந்துவிட்டன. இனி யாருக்கும் இப்படி நடக்காது. போனவன் திரும்பப் போவதில்லை.

“ஆமாம்மா” என்றாள். “அணைச்சுத்தான் வச்சிருந்தான்.”

“செரி மக்கா. கறியக் கெடவிடாண்டாம்.”

போன் அமைதியானது. மின்சாரம் போனது.

கதவு திறந்த சத்தம் இல்லை. ஆனால் வாடை உள்ளே வந்துவிட்டது. மிக அருகில். அவள் நாற்காலிக்குப் பின்னால். சொட்டு. சொட்டு. தோளில்.

திரும்ப முடியவில்லை.

ஈரக் கயிறு ஒன்று தலைவழியே இறங்கியது. பதமாக. தம்பிக்கு அண்ணன் மாட்டிவிடுவதுபோல. மார்பில் டேக் குளிர்ந்து ஒட்டியது.

தரையில் தண்ணீர். கணுக்கால். முழங்கால். இடுப்பு.

தூக்குவாளி மிதந்து போனது.

அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தாள். யாருடைய அம்மாவை என்று அவளுக்கே தெரியவில்லை. வாய்க்குள் கடல் வந்தது.

அவளுக்கு மேலே, கை எட்டாத உயரத்தில், சோதனைக்காக மேசைமேல் வைத்த, பேட்டரியில் ஓடும் படகுப் பெட்டி. சைரன் அலறவில்லை. யாரும் குறையவில்லை என்று பச்சை விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது.