சக்கர நாற்காலி இருந்த இடம்

மாமியார் செத்த நாளிலிருந்து ஓயாமல் ஊளையிட்டுக்கொண்டிருந்த பூடில் நாய், அன்று சாயங்காலம் திடீரென்று வாயை மூடிக்கொண்டது.

அப்பாடா என்றிருந்தது மருமகளுக்கு. முழங்கால் உயரம்கூட இல்லாத அந்தச் சுருள்முடி நாய் படுத்தாத பாடா? கிழவி கண்மறைந்தால் கதவைப் பிராண்டும், மெத்தையைக் குதறும். காதில் சீழ், பல்லில் சொத்தை, கடைசியில் இரண்டு கண்ணும் போயிற்று. மருந்து விட்டுக் கடிபட்டதெல்லாம் இவள் கை. வாலாட்டியது மாமியாருக்கு மட்டும். நாய்க்கு இருந்த மரியாதை அந்த வீட்டில் இவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. போகட்டும், இனிமேலாவது வீடு தன்னுடையது என்றிருந்தாள்.

கிழவி செத்த மறுநாளே அவளுடைய சக்கர நாற்காலியை யாருக்கோ கொடுத்துவிட்டாள். கூடத்தில் அது இருந்த இடத்தை மட்டும் நாய் அதன் பிறகும் வளைந்தே கடந்துவந்தது.

"கண்ணு தெரியாத நாய் வீட்டை மனசுல வச்சுத்தாம்மா நடக்கும். எதையும் நகர்த்தியிருக்கக் கூடாது. போகப் போக சரியாயிடும்" என்றிருந்தார் கால்நடை டாக்டர்.

சரியாகத்தான் ஆனது. அன்று கூடத்தை நாய் நேராகக் கடந்தது. ஆனால் சமையலறை வாசலில் வளைந்தது. அங்கே எந்தக் காலத்திலும் எதுவும் இருந்ததில்லை.

வேலையிலிருந்த கணவனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அம்மா போன துக்கம் அதுக்காவது இருக்கே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கம்பிகளில் நீர் சொட்டும் சத்தத்துக்கும் ஃபிரிஜ்ஜின் முனகலுக்கும் நடுவே, தரையில் நகங்கள் டக் டக்கென்று நடந்தன. எங்கிருந்தோ தைல வாசனை, கிழவி முழங்காலுக்குத் தேய்க்கும் அதே தைலம், மெல்ல வந்து மூக்கில் ஏறியது. புட்டியை அவளே குப்பையில் போட்டிருந்தாள்.

சமையலறைச் சுவரோடு ஒட்டியிருந்த நாற்காலியில் முதுகை அழுத்தி உட்கார்ந்தாள். நாய் உள்ளே வந்தது. இந்த முறை வளையவில்லை. நேராக அவளை நோக்கி வந்தது.

கையெட்டும் தூரத்தில் நின்றது. வாலை ஆட்டியது.

வெட்கங்கெட்ட மனசு, நமக்குத்தானோ என்று ஒரு நொடி பூரித்துப்போனது.

"வாடா..." கையை நீட்டினாள்.

வரவில்லை. முகத்தைத் தூக்கியது. அவளைப் பார்த்து அல்ல. அவளுக்கும் தனக்கும் நடுவே. கொஞ்சம் மேலே.

விரல்நுனி சில்லிட்டது. கையை இழுக்கப் பார்த்தாள். வரவில்லை.

நாய் சுகமாகக் கண்ணை மூடியது. அவள் கை அந்தரத்திலேயே நிற்க, அதன் காதுகளுக்கு நடுவே சுருள்முடி அமுங்கியது.

விரல் விரலாக.