பக்கத்துக் கட்டிலுக்கும் ஒரு பாட்டில்

பெலிசியா பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி மூன்று. சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற ரோட்டில், அந்த ஸ்டாப்பில் இறங்கியது அவள் ஒருத்திதான். பஸ் போன பிறகு கேட்டதெல்லாம் வாய்க்கால் மதகில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்.

எதிரே பழைய மிஷன் ஆஸ்பத்திரி. ஓடு போட்ட நீளக் கட்டடம்.

மஞ்சக்குப்பத்தில் அம்மா இருந்தவரை அவளுக்கும் வீடு என்று ஒன்று இருந்தது. ஆறு மாதமாக அது பூட்டிக் கிடக்கிறது. கையில் ஒரு பெட்டி, ஒரு ஜெபமாலை, நர்ஸ் வேலைக்கான ஆர்டர். அவ்வளவுதான் அவள் சொத்து.

டாக்டர் அனுப்பிரியா வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டார்.

"பெட்டியை வச்சுட்டு நேரா கடைசி வார்டுக்கு வந்துடுங்க. ஒரே ஒரு பேஷண்ட்தான். ஆனா பத்துப் பேருக்குச் சமம்."

எட்டுக் கட்டில். ஏழு காலி. ஃபினாயில் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. சாம்பலில் கிழங்கு சுட்ட வாசனை.

எட்டாம் நம்பர் கட்டிலில் சுருண்டு கிடந்தவர் தட்சிணாமூர்த்தி. ஐம்பத்தைந்து வயது. ஸ்ரீமுஷ்ணம் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் காவல். தனிக்கட்டை. நேற்றுச் சாயங்காலம் வேலி ஓரம் வெட்டும்போது அகப்பட்ட கிழங்கைச் சுட்டுத் தின்றிருக்கிறார். விடிகாலையில் பால் வண்டிக்காரர் தூக்கிவந்து சேர்த்திருக்கிறார்.

வள்ளிக்கிழங்கு என்று அவர் நினைத்தது கண்வலிக்கிழங்கு. செங்காந்தள் பூக்கிற கொடியின் கிழங்கு.

"எப்படிங்கய்யா ஏமாந்தீங்க? அது கலப்பை மாதிரி வளைஞ்சு இருக்குமே?"

"மம்பட்டி பட்டு ரெண்டா ஒடிஞ்சிடுச்சு சிஸ்டர். ஒடிஞ்ச துண்டு நேராத்தான் இருந்துச்சு. தை மாசம்... பூவும் இல்ல, கொடியும் காஞ்சு கெடந்துச்சு. நான் என்னத்த கண்டேன்?" அவர் டிரிப் பாட்டிலை அண்ணாந்து பார்த்தார். "இது தீர்ந்துபோனா என்ன ஆவும்?"

"கவனிக்காம விட்டா உங்க ரத்தம் ட்யூப்ல திரும்பி ஏறும். நான் விடமாட்டேன், தூங்குங்க."

டாக்டர் அவளை வெளியே அழைத்து வந்தார்.

"வயித்தைக் கழுவிட்டோம். விஷத்தை உறிஞ்சக் கரி கொடுத்தாச்சு. இதுக்கு மாத்து மருந்துன்னு நம்ம கையில எதுவும் இல்ல. டிரிப் நிக்கக்கூடாது. தினம் ரத்தம் எடுத்துப் பார்க்கணும். நாளைக்கு வாந்தி நின்னு, தெம்பா எழுந்து உக்காருவாரு. வீட்டுக்குப் போறேன்னுவாரு. விட்டுட்டோம்னா கிட்னி, இதயம், ரத்தம்னு எல்லாம் வரிசையா விழும். அந்த நல்ல நாள்தான் பெலிசியா, ஆளைக் கொல்ற நாள்."

மறுநாள் காலை அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். முகம் தெளிந்திருந்தது.

பார்வை மட்டும் ஏழாம் நம்பர் கட்டிலில்.

"சிஸ்டர், அவளுக்கும் ஒரு பாட்டில் போடுங்க."

"யாருக்கு?"

"என் சம்சாரம் தைலம்மாளுக்கு. நேத்துலேர்ந்து பக்கத்துலயே படுத்துக் கெடக்குறா. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல."

காலிக் கட்டில். விரித்த துப்பட்டியில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"உங்களுக்கு யாருமில்லன்னு எழுதியிருக்கே?"

"அவ போயி மூணு வருஷமாச்சு." அவர் குரல் இறங்கியது. "முந்தாநாளு அவ திதி. சுட்ட கிழங்குன்னா உசுர விடுவா. ஒடிஞ்சது ரெண்டு துண்டு இல்லியா? ஒண்ண எலையில போட்டு அவ படத்துக்கு முன்னாடி வச்சுக் கும்பிட்டேன். அப்புறந்தான் நான் தின்னேன்."

பெலிசியா கையிலிருந்த கேஸ் ஷீட்டை மூடினாள்.

"மொத வாய் அவளுக்குத்தான சிஸ்டர்? அவளும் தின்னுட்டா."

ஜன்னலுக்கு வெளியே வெயில் அடித்தது. பெலிசியா ஏழாம் கட்டிலை விட்டு ஓரடி தள்ளி நின்றாள்.

"ஐயா, ஜுரத்துல அப்படித் தோணும்..."

"ஜுரம் எனக்கா? தொட்டுப் பாருங்க." கையிலிருந்த பிளாஸ்டரை அவர் பிய்க்க ஆரம்பித்தார். "அவ சாகுறப்ப நான் தோப்புக் காவல்ல இருந்தேன். வாய்க்குத் தண்ணி ஊத்த ஆளில்லாம போனா. இன்னொரு தடவை அப்படி விடமாட்டேன். ஊட்டுக்கு இட்டுட்டுப் போயி நானே பார்த்துக்குறேன். என் உடம்புக்கு ஒண்ணுமில்ல."

நல்ல நாள்.

ஊசியில் கை வைத்துவிட்டார். வாசலுக்குப் பத்தடி. ரோட்டுக்கு நாற்பதடி. டாக்டர் சிதம்பரத்துக்கு ரத்த சாம்பிளோடு போயிருந்தார். பிடித்து நிறுத்த அவளைத் தவிர யாருமில்லை.

"நில்லுங்க! அவங்களுக்கும் போடுறேன்."

மூலையில் இருந்த இன்னொரு ஸ்டாண்டை இழுத்து ஏழாம் கட்டில் பக்கம் நிறுத்தினாள். புதுப் பாட்டில் ஒன்றைத் தொங்கவிட்டாள். ட்யூபில் இருந்த உருளைத் திருகியை இறுக்கமாக மூடினாள், ஒரு சொட்டுகூட இறங்காதபடி. ட்யூபின் நுனியைப் படுக்கைமேல் வைத்து பிளாஸ்டர் ஒட்டினாள்.

தட்சிணாமூர்த்தி பெருமூச்சு விட்டுப் படுத்தார். "உசுரோட இருக்கப்பவே ஊசின்னா ஊரக் கூட்டுவா. இப்ப பாருங்க, சத்தமே இல்ல."

பதினொரு மணிக்கு பெலிசியா திரும்பி வந்தாள்.

ஏழாம் கட்டில் பாட்டில் பாதி காலி.

திருகி திறந்திருந்தது. சொட்டு... சொட்டு... சொட்டு.

படுக்கையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. தரையும் காய்ந்திருந்தது.

தலையணையில் மட்டும் ஒரு பள்ளம்.

"ஐயா... நீங்க திறந்தீங்களா?"

"நான் கட்டில விட்டு எறங்கவே இல்ல. அவளுக்குத் தாகம் சிஸ்டர். வயித்தாலப் போனா தாகம் எடுக்காதா?"

திருகி தானாகத் திறந்ததை டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மத்தியானம் பாட்டில் தீருவதற்குள் புதுசு மாற்றினாள். அவரை நிறுத்தி வைக்க வேறு வழியில்லை என்று டாக்டரிடம் சமாளித்தாள். தனக்கும் அதையே சொல்லிக்கொண்டாள். ஆனால் ஆறு மாதமாக எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே அவளுக்காக யாரும் இருந்ததில்லை. இந்த வார்டுக் கதவைத் திறந்தால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் டாக்டர் சொன்னது நடந்தது. ஜுரம் ஏறியது. ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்தன. சிறுநீர் குறைந்தது. சிதம்பரத்துப் பெரிய டாக்டர்களைப் போனில் கேட்டுக் கேட்டு அனுப்பிரியா ஐந்து நாள் போராடினார். வீட்டுக்குப் போயிருந்தால் அந்த முந்திரித் தோப்பில் ஆளைக் கண்டெடுக்கவே நாலு நாள் ஆகியிருக்கும்.

பத்தாம் நாள் ரத்தம் தேறியது. அவருக்கு டிரிப்பை நிறுத்தினார்கள். ஏழாம் கட்டில் பாட்டிலை மட்டும் பெலிசியா மாற்றிக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டாம் நாள் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது.

"விஷம் பண்ற வேலை. மறுபடி முளைக்கும்," என்றார் டாக்டர்.

"முளைக்காட்டித்தான் என்ன, இந்த மண்டைக்கு எவன் பொண்ணு குடுக்கப் போறான்?" என்று சிரித்தார் தட்சிணாமூர்த்தி.

அன்று பெருக்கும்போது எட்டாம் கட்டிலடியில் நரைத்த குட்டை முடி கிடந்தது.

ஏழாம் கட்டிலடியில் முழ நீளத்துக்குக் கறுப்பாக.

பதினைந்தாம் நாள் காலையில் பால் வண்டி வந்தது. கணக்கில்லாத கையெழுத்து, மாத்திரைச் சீட்டு, டாக்டரின் திட்டு எல்லாம் முடிய மதியமாகிவிட்டது. மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் வார்டு வாசலில் நின்றார். ஏழாம் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கிளம்பலியாய்யா?"

"நான் கிளம்பிட்டேன். அவதான் வரமாட்டேங்குறா."

"ஏனாம்?"

"கூப்பிட்ட குரலுக்கு இங்க ஆள் வருதாம்." சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியது. "அதுவும் சரிதான். நான் பார்த்த லட்சணம் அவளுக்குத் தெரியுமில்ல? பார்த்துக்கங்க சிஸ்டர்."

பால் வண்டி வளைவு தாண்டுகிறவரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மதகுச் சத்தம். காலி வார்டு. எட்டுக் கட்டில்.

போதும். எல்லாம் முடிந்தது. ஸ்டாண்டை எடுத்து மூலையில் வைத்துவிடலாம் என்று பெலிசியா ஏழாம் கட்டிலுக்குப் போனாள். அப்போதுதான் பாட்டிலைப் பார்த்தாள். காலையில் இருந்த அமளியில் மாற்ற மறந்திருந்தாள். சொட்டில்லாமல் காய்ந்து தொங்கியது.

பார்வை மெல்ல ட்யூப் வழியே கீழே இறங்கியது.

துப்பட்டியில் பிளாஸ்டர் ஒட்டிய இடம். அங்கிருந்து மேலே, ஒரு சாண் உயரத்துக்கு...

சிவப்பு.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒரு விரற்கடை ஏறியது.

ட்யூபை விரலால் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"இதோ... இதோ வந்துட்டேம்மா," என்று பெலிசியா புதுப் பாட்டில் எடுக்க ஓடினாள்.