மாஸ்டர் உம் கொட்டுகிறார்

அவள் பேச்சை நிறுத்தி, பாட்டிலைத் திறந்து, இரண்டு வாய் தண்ணீர் குடித்து, மூடியைத் திருகி மூடியும் ஆயிற்று. அதற்குப் பிறகு, பக்கத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்த மாஸ்டர், "ம்" என்றார்.

யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல இருந்தது அந்த "ம்".

"யாருக்கு ம்?" என்றாள்.

"உனக்குத்தான்."

"நான் ஒண்ணும் சொல்லலையே. தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தேன்."

"சொன்னியே. குழந்தைக்கு உன் மூக்குன்னு."

அவள் அதைச் சொல்லவில்லை. நினைத்தாள், அவ்வளவுதான். பேத்திக்குத் தன் மூக்கு என்று சொன்னால் சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்று இரண்டு நாட்களாக வாய்க்குள்ளேயே வைத்திருந்த விஷயம் அது.

பிற்பகல் மூன்று மணி. வெயில் கண்ணாடி வழியாக இறங்கி அவள் மடியில் ஒரு பூனையைப் போலப் படுத்திருந்தது. இருக்கையின் ரெக்சின் சூடேறி ஒரு பழைய ரப்பர் வாசனையைக் கக்கிக்கொண்டிருந்தது. சக்கரங்களின் அடியில் சாலை ஒரே சுருதியில் ரீங்காரம் போட, அந்த ரீங்காரம் காதில் நுழைந்து, பிடரி வழியே இறங்கி, முதுகுத்தண்டை ஒவ்வொரு கணுவாகத் தளர்த்திக்கொண்டிருந்தது. வளைவே இல்லாத சாலை. இரண்டு பக்கமும் ஆள் நடமாட்டமில்லாத காய்ந்த வெளி.

மாஸ்டர் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. மகளின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தே கழித்தார். மூன்றாம் நாள் விடியுமுன் சாவியை எடுத்துவிட்டார். நாளைக் காலை எட்டு மணிக்கு அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட ஆறு பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட். மாஸ்டர் இல்லாமல் டெஸ்ட்டா? மகள்கூடச் சொல்லிப் பார்த்தாள்: "அப்பா, ஒரு நாள் தூங்கிட்டுப் போங்கப்பா." பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இத்தனைக்கும் அவருடைய பயிற்சிப் பள்ளியின் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது: 'மூன்று கொட்டாவி வந்தால் வண்டியை ஓரம் கட்டு.' மாஸ்டரின் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும் என்பதால் அதை எழுதியவளே அவள்தான். காலையிலிருந்து அவர் விட்ட கொட்டாவிகளை எண்ணிக்கொண்டு வருகிறாள். பதினாலு.

"ஓரமா நிறுத்தி இருபது நிமிஷம் கண்ண மூடுங்களேன். நான் எழுப்பறேன்."

"இன்னும் நூத்தம்பது கிலோமீட்டர்தான்."

"முன்னூறு இருக்கும்போதும் இதையேதான் சொன்னீங்க."

"நீ பேசிக்கிட்டே வா. எனக்கு அது போதும்."

இதுதான் இந்த வீட்டு வழக்கம். நெடும்பயணம் என்றால் அவள் பேச வேண்டும், அவர் உம் கொட்ட வேண்டும். முந்நூறு பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், கட்டினவளுக்கு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. "உனக்கெதுக்கு, நான்தான் இருக்கேனே." அவள் வேலை பேச்சு. முப்பத்தோரு வருஷப் பேச்சு.

பேசினாள். பக்கத்துவீட்டுக் குழாய்ச் சண்டையைச் சொன்னாள். "ம்." மகளின் மாமியார் ஒரே ஸ்வெட்டரை ஏழு மாதமாகப் பின்னுவதைச் சொன்னாள். "ம், அப்புறம்?" உம் சரியான இடத்தில்தான் விழுந்தது. ஆனாலும் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை. வெகுநேரமாக இமைக்கவில்லை.

குரலை மாற்றாமல், அதே கதை சொல்லும் தொனியில் சொன்னாள்: "உங்க தங்கச்சி ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்கப் போறாளாம்."

"ம்."

"மாப்பிள்ளை சர்க்கஸ்ல கத்தி வீசறவராம்."

"ம். நல்ல இடம்தான்."

"நம்ம வண்டி இப்ப எங்க போகுது?"

"ம்."

முப்பத்தோரு வருஷம் உம் கொட்டிய மனிதர். அதற்கு விழித்திருக்கக்கூட வேண்டியதில்லை என்று அவருடைய தொண்டை எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. இது தெரியாமல், 'உம் வருகிறது, முழித்திருக்கிறார்' என்று நம்பி அவள் எத்தனை கிலோமீட்டர் பேசிக்கொண்டு வந்தாள்?

அது பயிற்சி வண்டி. கற்றுக்கொடுப்பவர் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அவள் இரண்டு காலாலும் அதன்மேல் ஏறி நின்றாள்.

வண்டி அலறிக்கொண்டு குறுக்கே திரும்பி நின்றது. பின்னால் வந்த லாரி ஒன்று நீளமாகத் திட்டிக்கொண்டே ஒரு முழ இடைவெளியில் ஒதுங்கிப் போயிற்று. மாஸ்டருக்கு அப்போதுதான் இமை கொட்டியது.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"தூங்கிட்டீங்க!"

"யார் தூங்கினா? நீ சொன்ன ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னேனே!"

"என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்."

 அவருக்கு எரிச்சல் வந்தது. தப்பு தன் பக்கம் என்றால் மாஸ்டருக்கு முதலில் வருவது எரிச்சல்தான். வண்டியை ஓரம் கட்டி, டிக்கியைத் திறந்து, ஸ்பானரை எடுத்துவந்து, அவள் காலடியில் குனிந்தார்.

"என்ன பண்றீங்க?"

"காலைத் தூக்கு. இது இருக்கிறவரைக்கும் நிம்மதியா ஓட்ட முடியாது. நீ பயந்து பயந்து மிதிச்சே நம்ம ரெண்டு பேரையும் கொன்னுடுவே."

"ஊருக்குத்தான் உபதேசமா? உங்ககிட்ட கத்துக்க வர்ற பையன் இப்படிப் பண்ணினா விடுவீங்களா?"

"பையனுக்கு அனுபவம் இல்ல. எனக்கு இருக்கு."

பெடலைக் கழற்றிப் பின்னிருக்கையில் போட்டார். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். ஜன்னலை முழுக்க இறக்கினார், ரேடியோவை அலறவிட்டார். இதெல்லாம் ஐந்து நிமிஷத்துக்குத்தான் தாங்கும் என்று அவரே வகுப்பில் சொல்வார். அந்தப் பாடத்தின்போது தேநீர் கொண்டுபோய் வைத்தபடி அவளும் கேட்டிருக்கிறாள். இறங்கி நடந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். எங்கே நடப்பது? அவரைத் தனியே ஓட்டவிடுவதா? பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். செவிடன் காதில் சங்கு ஊதுகிறவளுக்கும் மூச்சு முட்டும் அல்லவா? அவளுக்கு முட்டியது.

ஆனாலும் பேசினாள். தொண்டை வறள, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து மகளின் பள்ளிக்கூட நாட்கள்வரை எல்லாம் பேசினாள். ரேடியோ வெறும் இரைச்சலானது. காற்று சூடாக முகத்தில் அடித்தது. சாலையின் நடுவிலிருந்த வெள்ளைக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வண்டியின் அடியில் நுழைந்துகொண்டே...

அவள் தலை ஜன்னல் சட்டத்தில் இடித்தது.

வெயில் இடம் மாறியிருந்தது. மடியில் இருந்தது இப்போது கழுத்தில் இருந்தது. தூரக் கல் ஒன்று கடந்தது: எழுபது. நூற்று நாற்பது இருந்தபோதல்லவா தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசினாள்?

"ஐயோ, தூங்கிட்டேனே!" என்றாள்.

மாஸ்டர் சிரித்தார். "தூங்கினியா? ஒரு நிமிஷம் வாய் மூடல நீ. இன்னிக்குப் பேசின மாதிரி என்னிக்கும் பேசினதில்ல."

"நான் தூங்கிட்டேங்க. சத்தியமா."

"விளையாடாதே."

"என்ன பேசினேன்?"

"என்னென்னவோ. நாம மொத மொத குடியிருந்த அறை. அங்க ஒழுகின கூரை. நல்லா இருந்துச்சு." அவர் குரலில் பல வருஷமாக இல்லாத ஒரு கனிவு. "உண்மையச் சொன்னா, நானே மூணு தடவை நிறுத்தலாம்னு பாத்தேன். கண்ணு அப்படிச் சொக்குச்சு. நீதான் விடல."

"நானா?"

"'நிறுத்தாதீங்க, போங்க போங்க, பக்கத்துல வந்துட்டோம்'னு சொன்னே."

 காலையிலிருந்து அவள் வாயில் இருந்த ஒரே சொல் 'நிறுத்துங்க' என்பது.

"நான் அப்படிச் சொல்லவே மாட்டேன். இப்பச் சொல்றேன், நிறுத்துங்க."

"ம்," என்றார் மாஸ்டர்.

ஆனால் வேகம் குறையவில்லை. அவர் தலை லேசாகச் சாய்ந்திருந்தது. அவள் பக்கமாக இல்லை. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, சற்றுப் பின்னால், ஏதோ காதருகே பேசுவதைக் கேட்பதுபோல.

"ம். ஆமா," என்றார். "அப்புறம்?"

அவள் இரண்டு விரல்களால் தன் உதடுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இறுக்கமாக. நான் பேசவில்லை. பேசவில்லை. ரேடியோவை அணைத்தாள். ஜன்னலை ஏற்றினாள். காற்று நின்றது. டயரின் ரீங்காரம் மட்டும். அதற்கு அடியில், அதைவிட மெல்லியதாக, ஒரு குரல்.

அவளுடைய குரல்.

மணமான புதிதில் அவளுக்கிருந்த குரல். சலிப்பு படியாத, கத்திக் கத்திக் கம்மிப் போகாத குரல். அது அவசரமே இல்லாமல் பேசியது.

"கண்ணு எரியுதா?"

"ம்."

"ரொம்ப நேரமாச்சு. பாவம்."

"ம்."

"நிறுத்துங்க!" என்று அவள் கத்தினாள். "என்னங்க! இங்க பாருங்க! அது நான் இல்ல!"

மாஸ்டர் ஈயை விரட்டுவதுபோல முகத்தைச் சுளித்தார்.

"சும்மா இரு," என்றார். "அவ பேசிக்கிட்டிருக்கா."

அவளுக்குப் பயத்தையும் மீறி ஒரு ஆத்திரம் பொங்கியது. முப்பத்தோரு வருஷம். ஒரு பேச்சு கேட்டாரா? ஒன்று? உப்பைக் குறையுங்கள் என்றால் கேட்கவில்லை. டாக்டரைப் பாருங்கள் என்றால் கேட்கவில்லை. பெற்ற மகள் தூங்கிவிட்டுப் போகச் சொன்னதையும் கேட்கவில்லை. இதன் பேச்சை மட்டும் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, கதை கேட்கும் பிள்ளையைப் போல.

அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். கன்னத்தில் அறைந்தாள். அந்தச் சத்தம் வண்டிக்குள் பட்டென்று கேட்டது. அவர் கன்னம் சிவந்தது. அவ்வளவுதான்.

"இன்னும் அம்பது கிலோமீட்டர்தான்," என்றது குரல். "சாலை நேராத்தான் இருக்கு. ஒரு நிமிஷம் மூடுங்க. நான் பாத்துக்கறேன்."

"மூடாதீங்க! மூடாதீங்க!"

"நீ பாத்துக்குவியா?" என்றார் மாஸ்டர்.

"நான்தான் இருக்கேனே."

மாஸ்டர் கண்களை மூடினார். உடல் தளர்ந்தது. கால் கனத்தது. வண்டி ஒரு மூச்சு இழுத்து முன்னே பாய்ந்தது.

அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பற்றினாள். வண்டி இடமும் வலமும் ஆடியது. எதிரே ஒரு பஸ் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. இழுத்தாள். பஸ்ஸின் காற்று வண்டியை அறைந்துவிட்டுப் போனது. தூரத்தில் சாலை முடிகிற மாதிரி தெரிந்தது. முடியவில்லை. வளைந்தது. நாள் முழுக்க வளையாத சாலை.

ஹேண்ட்பிரேக்!

ஒரு கையை எடுத்துக் கீழே துழாவினாள். எங்கே இருக்கும்? நடுவில். அவருக்கும் அவளுக்கும் நடுவில். அவர் இழுப்பதை நூறு தடவை பார்த்திருக்கிறாள்.

விரல்கள் அதைத் தொடவில்லை.

அதைப் பற்றியிருந்த ஒரு கையைத் தொட்டன.

வெதுவெதுப்பான கை. அவள் கையின் அளவே. அது ஹேண்ட்பிரேக்கைக் கீழே அழுத்திப் பிடித்திருந்தது. நிதானமாக. குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கும் கை எவ்வளவு அழுத்துமோ, அவ்வளவே.

இழுத்தாள். அது விடவில்லை. நகத்தால் கீறினாள். வலித்தது அவளுக்கு.

"என்னங்க," என்று அழுதாள். "ஒரே ஒரு தடவை. என் பேச்சைக் கேளுங்க. ஒரே ஒரு தடவை!"

வளைவு பெரிதாகிக்கொண்டே வந்தது. வளைவுக்கு அப்பால் ஒன்றுமில்லை. வானம். கண் மூடிய மாஸ்டரின் முகத்தில் மாலை வெயில் பட்டு, முப்பது வயது குறைந்த மாதிரி, அவ்வளவு அமைதி.

"அப்புறம் என்னாச்சு தெரியுமா?" என்றது அவளுடைய குரல்.

"ம்," என்றார் மாஸ்டர்.