பட்டு உறை போட்ட செல்போன்

அந்தோணியின் செல்போன் நான்கு நாளாக ஒரே அழிச்சாட்டியம். தானாக அணையும். தானாக எழும். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மறுபடி அணையும்.

அந்தோணி கிணற்று மோட்டார் பழுது பார்ப்பவர். செல்போன் அடித்தால்தான் வேலை. செவிலிமேட்டில் ஒரு வேலை கைவிட்டுப் போனது. ஓரிக்கையிலும் போனது.

இரண்டு தடவை குமாரவேலின் ரிப்பேர் கடைக்குப் போனார். அங்கே மட்டும் அது நல்ல பிள்ளையாக இருந்தது.

"இதுல ஒண்ணுமே இல்லண்ணே," என்றான் குமாரவேல்.

வீட்டுக்கு வந்ததும் பழைய ஆட்டம்.

"உள்ள இருந்த நல்ல சாமானை உருவிக்கினு ஓட்டையை மாட்டிட்டான்," என்றார் அந்தோணி. "இன்னிக்கி நாலு பேர் முன்னாடி கேக்கறேன். வாம்மா."

மகள் பிரவீனா சைக்கிளின் பின்னால் ஏறினாள். ஐந்தாம் வகுப்புக்காரி. அவள் கையில் செல்போன், பட்டு உறைக்குள்.

உறையைத் தைத்தது அவள்தான். பக்கத்து வீட்டுத் தறியில் மிஞ்சிய துண்டு. வாயை மூட, சரிகைக் கரையை நாலாக மடித்து ஒரு பட்டை. போன ஞாயிற்றுக்கிழமை கொடுத்தாள். அப்பா அதைத் தெரு முழுக்கக் காட்டினார். வேறு யார் கையிலும் தரமாட்டார். கடையில்கூட உறையைக் கழற்றிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் செல்போனை நீட்டுவார்.

வழியில் அது அணைந்தது. பிரவீனா தடவிப் பார்த்தாள். சரிகைப் பட்டை குச்சி போல விறைத்து, செல்போனின் தலையில் இருந்த பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. உறையைக் கழற்றி எழுப்பினாள். தெரு திரும்பும்வரை அணையவில்லை. உறைக்குள் போட்டாள். அணைந்தது.

பேசாமல் இருந்தால் உறை தப்பிக்கும். குமாரவேல் அண்ணன் மாட்டிக்கொள்வார்.

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"இன்னாபா குமாரவேலு, இன்னா வேலை பண்ணி வச்சிக்கிற?" என்று அந்தோணி ஆரம்பித்தார்.

"அப்பா, தப்பு அண்ணன் மேல இல்ல. நான் தைச்ச உறை மேல."

பட்டையைக் காட்டினாள். அந்தோணி உடனே நம்பிவிடவில்லை. மூன்று தடவை போட்டு, மூன்று தடவை எடுத்துப் பார்த்தார். உறைக்குள் போனபோதெல்லாம் அணைந்தது.

"உறையோட காட்டியிருக்கலாம்லண்ணே?" என்றான் குமாரவேல்.

"நீ எடுத்து வச்சிக்கினா?"

"எங்க வூட்லயே தறி ஓடுது. பட்டுக்கா பஞ்சம்?"

அந்தோணி தலையைச் சொறிந்தார். "தப்பா நெனச்சிட்டேன்பா."

குமாரவேல் கத்தரிக்கோலை எடுத்தான். "பட்டையை வெட்டிடலாமா?"

அந்தோணி உறையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "அதைக் கீழ வை."

பிரவீனா யோசித்தாள். செல்போனைத் தலைகீழாகத் திருப்பி உள்ளே விட்டாள். இப்போது பட்டை அதன் காலை அழுத்தியது. காலில் பொத்தான் ஏது?

எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அணையவில்லை. சிறிது நேரத்தில் மணி அடித்தது.

அந்தோணி உருவிக் காதில் வைத்தார். "அலோ. அலோ. சத்தமே வரல. ஏம்பா குமாரவேலு, இதுல இன்னாத்தைக் கழட்டின?"

பிரவீனா அப்பாவின் கையிலிருந்த செல்போனை மெல்ல நேராகத் திருப்பி வைத்தாள்.

"மாகறல்லேர்ந்தா பேசறீங்க?" என்றார் அந்தோணி. "மோட்டார் ஓடலியா? இதோ, வந்துக்கினே இருக்கேன்."