அம்மா இருந்த அட்டை

"ரப்பர் வெச்சுத் தேச்சுப் பாத்தீங்களா?"

"தேச்சேங்க. ஊதியும் பாத்தேன். வேற வாசிப்பான்ல போட்டாலும், 'அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா'ன்னுதான் கேக்குது."

"சரின்னு அழுத்திடலையே?"

"அதுக்குள்ள எங்கம்மா இருக்காங்க. எப்படிங்க அழுத்துவேன்?"

சலாவுதீன் அந்த நினைவட்டையை விளக்கொளியில் திருப்பிப் பார்த்தார். ஈரோடு பேருந்து நிலையத்துக்கு எதிரே, முதல் மாடியில் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அட்டையைக் கொண்டுவந்திருந்தவன் இளம்பரிதி. துணைக்குத் தங்கை மேகலை.

நடந்தவற்றை மூளையில் சேமிக்கும் வழக்கத்தை மனிதர்கள் விட்டுப் பல தலைமுறைகள் ஆகியிருந்தன. காதுக்குப் பின்னால் ஒரு செருகுவாய். வாழ்க்கையின் ஒவ்வொரு பருவத்துக்கும் ஓர் அட்டை. இளம்பரிதியின் அம்மா அவனுடைய பத்தாவது வயதில் இறந்துபோனதால், முதல் அட்டையில் மட்டுமே இருந்தாள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினீர்களா என்று சலாவுதீன் கேட்டார். இளம்பரிதி தயங்கித் தலையாட்டினான். காலையில் அந்த அட்டையில் அம்மா திட்டிக்கொண்டிருந்தாள். பொறுக்காமல் பிடுங்கிவிட்டான்.

மீட்புக்கருவி அரைமணி நேரம் முனகிவிட்டு ஓய்ந்தது. அட்டை பிழைத்தது, உள்ளே இருந்தது பிழைக்கவில்லை. அதே வீட்டில் வளர்ந்த வேறு யாராவது இருந்தால் அவர்களிடமிருந்து அம்மாவை ஏற்றலாம் என்றார் சலாவுதீன். மேகலை உடனே தன் முதல் அட்டையைக் கழற்றி நீட்டினாள். திரையில் வந்த நிபந்தனைகளைப் படிக்காமலே கட்டைவிரலை வைத்தாள்.

ஏற்றி முடிந்ததும் இளம்பரிதி தன் அட்டையைச் செருகிக்கொண்டான்.

கழுத்து வலித்தது. அம்மா பின்னாலிருந்து சடையை இறுக்கிக்கொண்டிருந்தாள். ரிப்பனைப் பல்லில் கடித்தபடி ஏதோ சொல்ல, அது புரியாமல் இருவரும் சிரித்தார்கள். அவனுக்குத் தெரிந்த அம்மா இப்படிச் சிரித்ததேயில்லை. சிரிப்பின் நடுவே ஒரு பையன் பாய்ந்து வந்து, கையிலிருந்த பச்சைப் பென்சிலைப் பறித்துக்கொண்டு ஓடினான். 'அண்ணா, குடுத்துருண்ணா' என்று கை நீண்டது. அந்தப் பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யார் இவன் என்று இளம்பரிதிக்கு எரிச்சல் வந்தது. அம்மா அதட்டினாள். அவள் அழைத்தது இளம்பரிதி என்ற பெயரை.

"வந்துட்டாங்களாண்ணா?" என்றாள் மேகலை.

"வந்துட்டாங்க. ரிப்பனைப் பல்லுல கடிச்சுக்கிட்டு உனக்கு, இல்ல, எனக்கு... சடை பின்னறாங்க."

"எந்த ரிப்பன்?"

தன் அட்டையைத் திரும்பச் செருகியிருந்த மேகலை காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தாள். வீடு இருந்தது, அடுப்படி இருந்தது. அடுப்புக்கு முன்னால் யாருமில்லை.

சலாவுதீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நினைவுக்கு நகல் கிடையாது; இடமாற்றம் மட்டும்தான். ஒரே நினைவை இரண்டு பேர் வைத்துக்கொண்டு தங்களுடையதென்று வழக்காடிய காலத்தில், அட்டைகளையே அப்படிச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். இது எல்லோருக்கும் தெரியுமென்று நினைத்ததாக அவர் மெல்லச் சொன்னார்.

"திருப்பிடலாம். இவர் தூங்கறதுக்குள்ள செய்யணும். தூங்கிட்டா ஒட்டிக்கும், பிரிக்க முடியாது. அப்புறம், இவரு விரல் வெச்சாத்தான் போகும்."

"போனா எனக்கு?"

"உங்களுக்கு ஒண்ணும் இருக்காதுங்க."

வாசிப்பானின் சிறிய கண்ணாடித் தகடு கட்டைவிரலுக்காக ஒளிர்ந்தது. இளம்பரிதி கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டான். வலித்தது தன் கழுத்துதானே என்று நினைத்தான். பென்சிலைப் பறிகொடுத்ததும் தான்தானே? இன்னொரு முறை எதற்குப் பறிகொடுக்க வேண்டும்? ஆனால் அந்தப் பையனின் முகம் அவனுக்கு இப்போது நன்றாகத் தெரிந்திருந்தது. வாங்கிய எதையும் அவன் திருப்பித் தந்ததாக, இந்த அட்டையில் எங்குமே இல்லை.

மேகலை உள்ளங்கையை விரித்து அவன்முன் நீட்டினாள். பென்சிலுக்காக நீண்ட அதே கை, இப்போது கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

"அண்ணா," என்றாள். "குடுத்துருண்ணா."